லைன் இல்லை, பில் மட்டும் வருகிறது: புகாரை முடிவு வரை கொண்டுபோகும் முழு வழிகாட்டி

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து யாரிடமாவது "வீட்டுல நெட்டு எப்படி?" என்று கேட்டால் போதும், தேத்தண்ணீர் ஆறிப் போகும் வரை பேசுவார்கள். மழை பெய்தால் லைன் போகிறது, செம்பனைக் குலை ஏற்றிய லாரி தாழ்வாகத் தொங்கும் கேபிளை இழுத்துக்கொண்டு போனால் போகிறது, இடி விழுந்தால் மோடமும் சேர்ந்து கருகிப் போகிறது. தோட்டத்துப் பக்கம் என்றால் அப்படித்தான் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம், ஆனால் பில் மட்டும் மழைக்கும் இடிக்கும் அசையாமல் மாதா மாதம் வந்துவிடுகிறதே, அங்கேதான் வயிறு எரிகிறது.

அந்த வயிற்றெரிச்சலை வைத்து என்ன செய்வது என்பதுதான் இந்த வழிகாட்டி. இன்டர்நெட்டில் தொடங்குகிறேன், எல்லார் வீட்டிலும் இருக்கும் தலைவலி அதுதான். அப்புறம் ப்ரீபெய்டில் காணாமல் போகும் காசு, ஆன்லைனில் வாங்கி ஏமாந்த பொருள், பேங்க் செயலி, கடைசியாக வேலையிடத்துக் கைரேகை மெஷின். நம் ஆட்கள் போனில் நன்றாகச் சண்டை போடுவார்கள், ஆனால் எழுத மாட்டார்கள். கால் சென்டரில் போன் எடுக்கும் பிள்ளைக்கு உங்கள் பில்லில் பத்து வெள்ளி குறைக்கக்கூட அநேகமாக அதிகாரம் இருக்காது, நீங்கள் கத்தியது அவருடைய ஷிஃப்ட் முடிந்ததும் மறந்துபோகும். தேதியும் எண்ணும் போட்டு எழுதியது மட்டும்தான் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகரும்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம்

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பழைய நோட்டு போதும். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு லைன் போனது, எப்போது வந்தது, யாரைக் கூப்பிட்டீர்கள், போன் எடுத்தவர் பெயர் என்ன, என்ன சொன்னார், புகார் எண் என்ன. இவ்வளவுதான். "போன மாசமெல்லாம் சரியில்ல சார்" என்பதை வைத்து யாரும் ஒன்றும் செய்ய முடியாது. "3ஆம் தேதி மாலை 5 மணியிலிருந்து 9ஆம் தேதி காலை 11 வரை இணைப்பே இல்லை" என்றால் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஒப்பந்தம், ரசீது, பில் எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்து ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். கடை ரசீதில் மை அழிந்துவிடும், அதனால் வாங்கிய அன்றைக்கே படம்.

பழுது எந்தப் பக்கம்?

புகார் செய்வதற்கு முன் கொஞ்சம் பார்த்துக்கொள்வது நல்லது, இல்லையென்றால் "மோடத்தை அணைத்துப் போடுங்கள்" என்ற பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். ஃபைபர் லைன் என்றால் சுவரில் இருக்கும் பெட்டியில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கைப் பாருங்கள். அது சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ வெளியிலிருந்து ஒளி வரவில்லை என்று அர்த்தம், மோடத்தை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் வராது. அந்தச் சிவப்பு விளக்கைப் படம் பிடித்துவிடுங்கள், போனில் முதல் வாக்கியமே "எல்ஓஎஸ் சிவப்பு" என்று சொல்லுங்கள், பாதி நாடகம் அங்கேயே முடிந்துவிடும்.

லைன் இருக்கிறது ஆனால் மெதுவாக இருக்கிறது என்றால் வைஃபையில் சோதிக்காதீர்கள். லயத்து வீட்டுச் சுவரும் தகரமும் வைஃபையைத் தின்றுவிடும், கம்பெனிக்காரன் அதையே காரணமாகச் சொல்வான். மோடத்திலிருந்து கேபிள் போட்டு மடிக்கணினியில் காலை, மதியம், இரவு என்று வேகத்தைச் சோதித்து, தேதி நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மடிக்கணினி இல்லாவிட்டால் மோடத்துக்குப் பக்கத்திலேயே நின்று கைப்பேசியில் எடுங்கள், அதுவும் பரவாயில்லை.

கைப்பேசியில் இன்னொரு விஷயம் இருக்கிறது. மலேசியாவில் 3ஜி சேவையை 2021 கடைசியோடு மூடிவிட்டார்கள். அதனால் பழைய கைப்பேசி வைத்திருப்பவர்களுக்குப் பேச்சு 2ஜியில்தான் போகும், பேசும்போது நெட் நின்றுவிடும், சில இடங்களில் கூப்பிடவே முடியாது. அது கோபுரத்தின் பழுது இல்லை. 4ஜி கைப்பேசியாக இருந்தும் இப்படி நடந்தால் செட்டிங்ஸில் வோல்ட்டி, அதாவது 4ஜி வழியாகவே பேச வைக்கும் வசதி, திறந்திருக்கிறதா என்று பாருங்கள். நிறையப் பேருக்கு அந்த ஒரு பொத்தான்தான் பிரச்சினை.

கம்பெனியிடம் புகார்

இதில்தான் அதிக நேரம் போகும், ஆனால் இதைத் தாண்டிக் குதிக்க முடியாது. மேலே எங்கே போனாலும் முதல் கேள்வி "கம்பெனியிடம் புகார் செய்தீர்களா, எண் என்ன?" என்பதுதான்.

போனில் கூப்பிட்டால் பேச்சை முடிப்பதற்கு முன் "சாயா நாக் நொம்போர் அடுவான்", அதாவது புகார் எண் வேண்டும், என்று மலாயில் கேட்டு எண்ணை வாங்காமல் வைக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் ரோபோ பதில் சொல்லிக்கொண்டே இருந்தால் மனுஷரிடம் பேச வேண்டும் என்று திரும்பத் திரும்ப அனுப்புங்கள், பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் ஆள் வந்துவிடுவார். எது எப்படி இருந்தாலும் அன்றைக்கே ஒரு மின்னஞ்சலும் போட்டுவிடுங்கள், போனில் பேசியதற்கு உங்கள் கையில் சாட்சி ஏதும் இருக்காது. மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம், பெரிய மொழிநடையெல்லாம் வேண்டாம், பிள்ளைகளை உட்கார வைத்து எழுதச் சொன்னாலும் போதும். உள்ளே இருக்க வேண்டியது இதுதான்:

"என் கணக்கு எண் இது. இந்தத் தேதி, இந்த மணியிலிருந்து இணைப்பு இல்லை. இந்த எண்ணில் புகார் பதிவாகியிருக்கிறது. இதுவரை யாரும் வரவில்லை. எந்தத் தேதிக்குள் சரியாகும் என்று எழுத்தில் சொல்லுங்கள். இணைப்பு இல்லாத நாட்களுக்குப் பில்லில் கழித்துக் கொடுங்கள். அந்தத் தேதிக்குள் சரி செய்ய முடியாவிட்டால் அபராதம் இல்லாமல் ஒப்பந்தத்தை முடிக்க விரும்புகிறேன்."

என்ன கேட்கிறீர்கள் என்பதைச் சொல்லாத புகார் வெறும் புலம்பல். அவர்களே மனம் இரங்கிக் கழிவு கொடுப்பார்கள் என்று உட்கார்ந்திருக்காதீர்கள், கேட்டால்தான் கிடைக்கும்.

டெக்னீஷியன் விஷயத்தில் ஒரு தந்திரம் நடக்கிறது, எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், பல வீடுகளில் பார்த்தாயிற்று. ஆள் வரவே மாட்டார், ஆனால் "வீட்டில் ஆள் இல்லை, புகார் மூடப்பட்டது" என்று மெசேஜ் வந்துவிடும். காலையில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்விட்டு மதியம் திரும்புகிறவர்கள் இதில் நிச்சயம் மாட்டுவார்கள். நேரம் வாங்கும்போதே எத்தனை மணிக்கு வீட்டில் ஆள் இருப்பார் என்று வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள். பொய்யாக மூடினால் புதுப் புகார் போடாதீர்கள், பழைய எண்ணையே திரும்பத் திறக்கச் சொல்லுங்கள். புது எண் வந்தால் நாள் கணக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கும், ஒரு மாதம் இருட்டில் இருந்தவர் கணினியில் நேற்று வந்த வாடிக்கையாளர் மாதிரி தெரிவார். அது யாருக்கு வசதி என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கோபத்தில் பில் கட்டுவதை நிறுத்துவது இன்னொரு பழக்கம். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் செய்யாதீர்கள். நிலுவை சேர்ந்தால் கடன் வசூலிப்பவரிடம் போகும், கடன் அறிக்கையில் பெயர் ஏறும், அப்புறம் பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் லோன் எடுக்கப் போகும்போது அது வந்து குறுக்கே நிற்கும். சந்தேகம் இல்லாத தொகையைக் கட்டிவிட்டு, மீதியை ஏன் கட்டவில்லை என்று மின்னஞ்சலில் எழுதுங்கள்.

எம்சிஎம்சி

கம்பெனி பதில் சொல்லவில்லை, அல்லது சொன்ன பதில் உதவாது என்றால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம், அதாவது எல்லாரும் சொல்லும் எம்சிஎம்சி. 1998இல் கொண்டுவந்த சட்டத்தின் கீழ் அமைந்த இந்த ஆணையம்தான் தொலைத்தொடர்புக் கம்பெனிகளைக் கண்காணிக்கிறது, சேவைத் தரத்துக்குக் கட்டாய அளவுகளும் வைத்திருக்கிறது. அவர்களுடைய புகார் தளத்தில் பதியலாம், 1-800-188-030 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். நோட்டுப் புத்தகம், ஸ்கிரீன்ஷாட், கம்பெனியின் புகார் எண், மின்னஞ்சல் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள்.

ஒரு தாமான் முழுக்க ஒரே பிரச்சினை என்றால் ஆளாளுக்குத் தனித்தனியாகப் போட வேண்டும். ஒருவர் கடிதம் எழுதி முப்பது பேர் கையெழுத்துப் போட்டால் அது ஒரு புகார்தான். முப்பது கணக்கு எண்ணில் முப்பது புகார் போனால் ஒரே கேபினெட் (தெருவோர லைன் பெட்டி), ஒரே தெரு என்று தெரிந்துவிடும். வயதானவர்களுக்கு ஆன்லைனில் பதியத் தெரியாது என்றால் பக்கத்தில் நாடி மையம், அதாவது அரசாங்கத்தின் இணைய மையம், இருக்கிறதா என்று விசாரியுங்கள், அங்கே கணினியும் உதவிக்கு ஆளும் இருப்பார்கள்.

ப்ரீபெய்ட் காசு

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரீலோட் போட்ட காசு தானாகக் குறைந்தால் ஐந்து இலக்க எண்ணிலிருந்து ராசிபலன், பாட்டு, விளையாட்டு என்று ஏதாவது மெசேஜ் வந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணுக்கே ஸ்டாப் ஆல் என்று ஆங்கிலத்தில் திருப்பி அனுப்புங்கள். அப்புறம் கம்பெனியிடம் நான் கேட்காத சேவைக்கு எடுத்த காசைத் திருப்பிக் கொடு என்றும், இந்த மாதிரி மெசேஜ் இனி வராதபடி அடைத்துவிடு என்றும் இரண்டையும் கேளுங்கள். மறுத்தால் அதே எம்சிஎம்சி.

ஆன்லைனில் வாங்கியது, கடையில் வாங்கியது

பார்சலைப் பிரிக்கும்போது வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள், முகவரி ஒட்டிய பக்கத்திலிருந்து ஆரம்பித்து. பொருளை இயக்கிப் பார்க்காமல் "பெற்றுக்கொண்டேன்" என்ற பொத்தானை அழுத்தாதீர்கள், பெரிய விற்பனைத் தளங்களில் அதை அழுத்தும் வரைக்கும், அல்லது குறித்த நாள் முடியும் வரைக்கும், காசு தளத்திடம்தான் இருக்கும். விற்பவர் "வாட்ஸ்அப்புக்கு வாங்க அக்கா, நான் செட்டில் பண்றேன்" என்று தேனொழுகக் கூப்பிட்டால் போகாதீர்கள். தளத்தின் உள்ளே பேசியது மட்டும்தான் அங்கே சாட்சி.

கடையில் "விற்ற பொருள் திருப்பி வாங்கப்பட மாட்டாது" என்று போர்டு மாட்டியிருப்பார்கள். அந்த போர்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், அந்த உரிமையைப் போர்டு மாட்டியோ ஒப்பந்தத்தில் எழுதியோ பறிக்க முடியாது. நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுப்பது வேறு, அதற்குச் சட்டம் துணைக்கு வராது. பழுதான பொருள் என்றால் வரும். கடைக்காரர் மசியாவிட்டால் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சுக்கு 1-800-886-800 என்ற எண்ணில் புகார் செய்யலாம். அமைச்சு கடையைத் தண்டிக்கலாம், ஆனால் உங்கள் காசு உங்கள் கைக்கு வர வேண்டும் என்றால் போக வேண்டிய இடம் வேறு.

பயனீட்டாளர் தீர்ப்பாயம்

மலாயில் திரிபூனல் துந்துத்தான் பெங்குனா என்பார்கள். 1999இலிருந்து இருக்கிறது, இன்னும் நம்மில் பாதிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வழக்கு போடக் கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரைக்கும் கேட்கலாம், 2019க்கு முன் இது 25,000தான். பொதுவாக வழக்கறிஞர்களுக்கு அங்கே இடமில்லை. கம்பெனி பெரிய வக்கீலைக் கூட்டிக்கொண்டு வந்து உங்களை மிரட்டும் கதை நடக்காது, அவர்களும் ஓர் ஊழியரைத்தான் அனுப்ப வேண்டும். பிரச்சினை எழுந்து மூன்று வருடத்துக்குள் போட வேண்டும்.

போராங் 1 என்ற படிவம். ஆன்லைனில் நிரப்பலாம், நேரில் போவதென்றால் நம் பக்கத்துக்கு ஈப்போ. மாட்டிக்கொள்ளும் இடம் எதிர்த்தரப்பின் பெயர். கடையின் போர்டில் இருக்கும் பெயர் ஒன்றாக இருக்கும், கம்பெனியாகப் பதிந்த பெயர் வேறாக இருக்கும். ரசீதின் தலையில் சிறிய எழுத்தில் பதிவு எண்ணோடு இருக்கும் பெயரைத்தான் எழுத வேண்டும், ரசீதில் இல்லையென்றால் கம்பெனிகளைப் பதியும் எஸ்எஸ்எம்மில் தேடிப் பார்க்கலாம். தப்பான பெயரில் தீர்ப்பு வாங்கினால் அதை யாரிடம் கொண்டு போய்க் கொடுப்பீர்கள்?

முத்திரை போட்ட படிவத்தின் ஒரு பிரதியை எதிர்த்தரப்புக்குக் கொடுக்க வேண்டும். நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்கலாம், பதிவுத் தபாலிலும் அனுப்பலாம். அந்தத் தபால் ரசீதை உயிர் போல வைத்துக்கொள்ளுங்கள், விசாரணை நாளில் அவர்கள் வராவிட்டாலும் படிவம் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்ததை நீங்கள் காட்டினால் தீர்ப்பு உங்கள் பக்கம் கிடைக்க வாய்ப்பு உண்டு. படிவம் கிடைத்ததிலிருந்து 14 நாளில் அவர்கள் போராங் 2இல் பதில் போட வேண்டும். என் கணிப்பில் நிறைய விவகாரங்கள் இந்த இடத்திலேயே முடிந்துவிடும், கம்பெனியிலிருந்து திடீரென்று இனிமையான குரலில் போன் வரும். சமாதானத்துக்கு ஒப்புக்கொள்வதில் தப்பில்லை, ஆனால் காசு கைக்கு வருவதற்கு முன் வழக்கைத் திரும்பப் பெறாதீர்கள்.

விசாரணைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. நடந்ததைத் தேதி வாரியாக ஒரு பக்கத்தில் எழுதி வைத்து வாசித்தாலே போதும், ஆவணங்களை மூன்று பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். தீர்ப்பு கிடைத்து 14 நாளில் எதிர்த்தரப்பு அதை நிறைவேற்றாவிட்டால் அது குற்றம், அபராதமோ சிறையோ கிடைக்கலாம். பதினைந்தாம் நாள் போய்ச் சொல்லுங்கள், அவர்களாகவே கவனிப்பார்கள் என்று இருந்துவிட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வீட்டுப் பயன்பாட்டுக்கு வாங்கியவர்களுக்குத்தான். முடிவெட்டும் கடைக்காக, ஒட்டுக்கடைக்காக வாங்கிய பொருளோ வியாபாரக் கணக்கில் எடுத்த லைனோ என்றால் இங்கே எடுபடாது. எழுதத் துணை வேண்டுமென்றால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைக் கேளுங்கள், தமிழிலேயே பேசலாம்.

பேங்க் செயலி

புதுக் கைப்பேசி வாங்கியதும் பேங்க் செயலியில் பணம் அனுப்ப முடியவில்லை என்று பதறுகிறவர்கள் உண்டு. 2022இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா கொண்டுவரச் சொன்ன பாதுகாப்பு அது, ஒரு கணக்குக்கு ஒரு கைப்பேசி, புதிதாகப் பதிந்ததும் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். எரிச்சல்தான், ஆனால் திருடனுக்கும் அதே எரிச்சல். வாடகை கட்டும் நாளில் கைப்பேசியை மாற்றாதீர்கள், அவ்வளவுதான்.

காசே போய்விட்டது என்றால் அந்த நிமிடமே 997, அது தேசிய மோசடி எதிர்ப்பு மையம். கூடவே பேங்கின் 24 மணி நேர எண்ணுக்கும். காவல் நிலையம் அதற்கு அப்புறம். பேங்க் கைவிரித்தால் அவர்களுடைய இறுதி முடிவை எழுத்தில் வாங்கிக்கொண்டு நிதிச் சந்தை குறைதீர்ப்பு அமைப்புக்குப் போகலாம். எஃப்எம்ஓஎஸ் என்பார்கள், 2025 ஜனவரி 1 முதல் இந்தப் பெயரில் இயங்குகிறது. முடிவு வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும்.

கைரேகை மெஷினும் சம்பளமும்

பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை தூக்கியும் தேய்ந்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? பாலில் கலக்கும் மருந்தும் சேர்ந்து தோலை உரித்துவிடும். அந்த விரலை வைத்து மெஷின் "மீண்டும் முயற்சிக்கவும்" என்று சொல்ல, தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி "சிஸ்டத்தில் வரல" என்று அரை நாள் சம்பளத்தைப் பிடிக்க, அந்த அக்கா என்ன செய்வார்? ஃபேக்டரியில் முகம் பார்க்கும் கருவி, ஜிபிஎஸ் செயலி என்று மாறினாலும் கதை அதேதான்.

மெஷின் உங்களை எடுக்கவில்லை என்றால் அந்த இடத்திலேயே, நேரம் தெரியும்படி திரையைப் படம் எடுத்து, வேலையை மேற்பார்க்கும் மண்டோருக்கு வாட்ஸ்அப் பண்ணிவிடுங்கள். "அண்ணே, மெஷின் எடுக்கல, 5.52க்கு வந்துட்டேன், போட்டோ இருக்கு." மாலையில் போய்ச் சொன்னால் அது சாக்கு மாதிரி கேட்கும், காலையிலேயே அனுப்பியது ஆதாரம். அடுத்து இரண்டு கையிலும் சேர்த்து நாலைந்து விரல்களைப் பதியச் சொல்லுங்கள், இடது கை விரல்கள் அவ்வளவு தேய்ந்திருக்காது. அதுவும் முடியாதவருக்கு அட்டையோ கையெழுத்துப் பதிவோ வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். வேலை நேரத்தை நீங்களும் நோட்டில் குறித்து வாருங்கள்.

1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் 2023 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவில் எல்லாத் தொழிலாளருக்கும் பொருந்துகிறது, வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை. ஓவர்டைம் பாதுகாப்பு மாதம் 4,000 ரிங்கிட் வரை சம்பாதிப்பவர்களுக்கு. சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் வர வேண்டும், சட்டம் அனுமதித்த காரணங்களுக்குத் தவிர அதில் கை வைக்க முடியாது. செய்த வேலைக்குச் சம்பளம் உண்டு, மெஷின் பதியவில்லை என்பது அந்த வேலையை இல்லாமல் ஆக்கிவிடாது. இபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) பணம் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியிருக்க வேண்டும், அதன் ஆன்லைன் கணக்கான ஐ-அக்கவுன்ட்டில் நீங்களே பார்க்கலாம். சம்பளச் சீட்டில் கழித்திருக்கிறார்கள், அங்கே ஏறவில்லை என்றால் அந்தப் புகார் இபிஎஃப் அலுவலகத்துக்குப் போகும்.

முதலில் கிராணி, அப்புறம் மேனேஜருக்குக் கடிதம், சங்கத்தில் இருந்தால் சங்கம். பதில் இல்லையென்றால் தொழிலாளர் இலாகா. சம்பளத் தகராறை விசாரித்து உத்தரவு போட அவர்களுக்கு அதிகாரம் உண்டு, வக்கீல் தேவையில்லை. வேலையில் இருந்துகொண்டே புகார் செய்யலாம், ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. அடையாள அட்டை, வேலை நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், பேங்க் ஸ்டேட்மென்ட், அந்த நோட்டு, மண்டோருக்கு அனுப்பிய மெசேஜ்களின் பிரிண்ட் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் காட்டுகிறேன் என்றால் போதாது, காகிதத்தில் கேட்பார்கள். மூலத்தை மேசையில் விட்டுவிட்டு வராமல் பிரதியைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.